மிதந்தால் கொழுப்பு

பாப்பா, தம்பி, உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். போன வருடம் மழை விட்ட ஒரு சாயங்காலம் நாம் மூன்று பேரும் வாசல் படியில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் ஆராய்ச்சி லெப்பில் புதிதாக வந்த முஸ்லிம் அண்ணன், அந்த நானா, மிதக்கிற புழுவை மூழ்கியது என்றும் மூழ்கியதை மிதந்தது என்றும் எழுதி வைத்துவிட்டார் என்று நான் சொன்னேன். தம்பி எழும்பி நின்று, புழு நீந்துவது போலவும் தாழ்வது போலவும் நடித்துக் காட்டினான். அன்று நான் சொன்னதில் ஒரு பிழை இருக்கிறது. வாயால் திருத்தலாம் என்று இரண்டு மூன்று தரம் ஆரம்பித்தேன். பாதியில் எழும்பி டீவி பக்கம் போய்விட்டீர்கள். எழுதி வைத்தால் என்றைக்காவது வாசிப்பீர்கள்.

முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை நான் உங்களிடம் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. பள்ளிக்கூடத்தில் அப்பாவின் தொழில் என்ன என்று எழுதச் சொன்னபோது பாப்பா என்னிடம் வந்து கேட்டாள்.

"ஈயோட கொழுப்ப அளக்கிறவருன்னு எழுதினா டீச்சர் என்னத்தான் ஏசுவாங்க. வேற ஏதாச்சும் சொல்லுங்கப்பா."

"லெப் உதவியாளருன்னு எழுது" என்றேன்.

காலையில் பஸ்ஸிலும் இதே கதைதான். குருவிட்டவில் ஏறும் நம் தோட்டத்துக் கங்காணி என்னைக் கண்டாலே போதும். "என்னா தொர, ஈக்கே கொழுப்பு புடிச்சிருச்சா? எங்க லயத்துல நாலு பேரு இருக்கானுங்க. ஒரு நாளைக்கு வந்து அளந்து பாரு, மெஷினு வெடிச்சிரும்." பஸ் முழுவதும் சிரிக்கும். நானும் சிரித்துக்கொள்வேன். நம் பாஷையில் கொழுப்பு என்றால் உடம்பில் இருப்பதும் அதுதான், வாயில் இருப்பதும் அதுதான். சிங்களத்தில் இந்தத் தொல்லை இல்லை.

விஷயம் இதுதான். கனிந்த வாழைப்பழத்தில் மொய்க்குமே சின்ன ஈ, அதை எங்கள் லெப்பில் கண்ணாடிக் குப்பிகளில் வளர்க்கிறோம். சோள மாவு, சீனி, ஈஸ்ட் எல்லாவற்றையும் கஞ்சி மாதிரிக் காய்ச்சி, குப்பியின் அடியில் ஊற்றி ஆற விட்டால் அதுதான் அவற்றுக்குச் சாப்பாடு. காய்ச்சுவது நான். சட்டையில் கள்ளு வாடை அடிக்கிறது என்று அம்மா சொல்வது அந்த ஈஸ்ட் வாடையைத்தான். பாதிக் குப்பிகளுக்கு அளவான சீனி, மற்றப் பாதிக்கு அளவுக்கு மிஞ்சிய சீனி. சீனி மிஞ்சினால் உடம்பில் கொழுப்பு எப்படி ஏறுகிறது, எதைக் கொடுத்தால் இறங்குகிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. நம் லயத்து வீடுகளில் தேத்தண்ணீரில் சீனி போடுகிற அளவைப் பார்த்தால், இந்த ஆராய்ச்சி யாருக்குத் தேவை என்று உங்களுக்கே விளங்கும்.

ஈயை நிறுத்துப் பார்க்க முடியாது. அதனால் அது ஈயாவதற்கு முன், புழுவாக இருக்கும்போதே பார்க்கிறோம். ஒரு குழாயில் சீனிக் கரைசல் ஊற்றி அதில் ஐம்பது புழுக்களைப் போட்டு, மெதுவாகச் சுழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். கொழுப்பு இலேசானது. கொழுத்த புழு மேலே வரும், மெலிந்த புழு அடியில் கிடக்கும். மிதப்பவற்றை எண்ணித் தாளில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அதற்குக் கண் வேண்டும், பொறுமை வேண்டும். அரிசிக் குருணை அளவுப் புழு, ஐம்பதும் நெளியும்.

இந்த வேலையை எனக்குக் கற்றுத் தந்தது மிஸ். மிஸ் என்பது அங்கே ஆராய்ச்சி செய்கிற பெண். வயதில் என்னைவிட மிகச் சின்னவர். சிங்களத்தில்தான் பேசுவார், நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். என்னை "அங்கிள்" என்பார். அவர் முதல் தரம் குழாயைச் சுழற்றிக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று கேட்டார். தோட்டத்தில் பால் ஸ்டோரில் பதினொரு வருடம் நான் இருந்த கதையைச் சொன்னேன். ரப்பர் வெட்டுகிறவர்கள் வாளியில் கொண்டு வரும் பாலுக்குள் மெட்ரோலெக் என்று ஒரு கண்ணாடி மிதவையை விடுவோம். நல்ல பாலில் ரப்பர் அதிகம், பால் இலேசு, மிதவை ஆழமாக இறங்கும். ஆற்றுத் தண்ணீரைக் கலந்து வாளியை நிரப்பிக்கொண்டு வந்தால் மிதவை எழும்பி நிற்கும், கள்ளம் பிடிபடும். மிஸ் கையைத் தட்டினார்.

"அங்கிள், அப்ப இது ஒங்க பழைய வேல. நான் ஒங்களுக்குப் படிச்சுக் குடுக்கத் தேவையில்ல."

எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் கை தட்டியது இல்லை. ஜன்னல் ஓரத்தில், பெரிய விளக்குக்குக் கீழே எண்ணுகிற மேசை இருந்தது. அதற்கு ஒரேயொரு கதிரை. அந்தக் கதிரையில் நான் உட்கார்ந்தேன். ஆறு மாதம் அது என் கதிரை.

பிறகு நானா வந்தார்.

இரத்தினபுரி டவுனில் அவர்களுக்குத் துணிக்கடை. தம்பிமார் கடையைப் பார்க்க, இவர் இந்த வேலைக்கு வந்துவிட்டார். என் வயதுதான், ஆனால் தலைமுடி என்னுடையதைப்போல நரைக்கவில்லை. நான் சிங்களம் பேசினால் தோட்டத்து ஆள் என்று தெரியும். அவர் பேசினால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது. இங்கிலீஷும் வந்தது. முதல் நாளே என்னிடம் வந்து, "அண்ணே, நீங்கதான் இங்க மூத்தவர். எனக்குச் சொல்லித் தாங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு அந்த மரியாதையே பிடிக்கவில்லை.

எந்தக் காரணமும் இல்லாமல் ஒரு மனிதனைப் பிடிக்காமல் போனது எனக்கு அதுதான் முதல் தரம். காரணத்தைப் பிறகு ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தேன். மிஸ் என்னை "அங்கிள்" என்றார், அவரைச் சொந்த அண்ணனைப்போல "நானா" என்றார். அங்கிள் என்று பஸ் கொண்டக்டரையும் கூப்பிடலாம். பெருநாளைக்கு அவர் வீட்டிலிருந்து தேங்காய்ப் பாலில் அவித்த வட்டிலப்பம் கொண்டு வந்தார். மிஸ் இரண்டு துண்டு சாப்பிட்டார். தீபாவளிக்கு அம்மா சுட்டுக் கொடுத்த முறுக்கில் மிஸ் ஒன்றுதான் எடுத்தார். முறுக்கையும் வட்டிலப்பத்தையும் ஒப்பிடலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். நான் ஒப்பிட்டேன். வீட்டுக்கு வந்து, நானாவின் வட்டிலப்பத்தைச் சொல்லி, முறுக்கு கொஞ்சம் கடினம் என்று அம்மாவிடம் குறை சொன்னேன். அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"அந்த மனுசன் ஒங்களுக்கு என்னா செஞ்சாரு?"

"ஒண்ணும் செய்யல."

"அதுதான் பிரச்சினையா?"

வேலை அதிகமானதும், இரண்டு பேரும் மாறி மாறி எண்ணுங்கள் என்று மிஸ் சொன்னார். அந்த ஒரே கதிரையில் ஒரு நாள் நான், ஒரு நாள் அவர். மற்றவர் குப்பி கழுவ வேண்டும், கஞ்சி காய்ச்ச வேண்டும். எண்ணியவர் தாளின் மூலையில் தன் பெயரின் முதல் இங்கிலீஷ் எழுத்தைப் போட வேண்டும். இரண்டு பேருக்கும் அது எம். எழுத்தின் உருவம் ஒரு மலை, பக்கத்தில் இன்னொரு மலை. "எம்மும் எம்மும், நல்ல ஜோடி" என்று மிஸ் சிரித்தார். அந்த எழுத்தைக்கூட எனக்கென்று விட்டு வைக்கவில்லையே என்று நினைத்தேன்.

அந்த வருடத்திலேயே என்னை மிகவும் சுட்ட நாளை இனிச் சொல்கிறேன். வேறு ஊரிலிருந்து ஒரு பேராசிரியர், பெரிய சேர், லெப்பைப் பார்க்க வந்தார். அன்று கதிரையில் என் முறை. மிஸ் புழு மிதப்பதைக் காட்டினார். அப்போது நானா பக்கத்தில் நின்று இங்கிலீஷில் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நடுவில் மெட்ரோலெக் என்ற சொல் கேட்டது. கையால் வாளியைக் காட்டினார், மிதவை இறங்குவதைக் காட்டினார், தண்ணீர் கலந்தவன் முழிப்பதையும் செய்து காட்டினார். சேர் விழுந்து விழுந்து சிரித்தார். மிஸ்ஸும் சிரித்தார். நானா என் பக்கம் கையை நீட்டி, இவருடைய கதைதான் என்பதுபோல் ஏதோ சொன்னார். சேர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அதற்குப் பிறகு மூன்று பேரும் தேத்தண்ணீர் குடிக்கப் பக்கத்து அறைக்குப் போனார்கள். கதவு திறந்தே இருந்தது. சிரிப்பு கேட்டுக்கொண்டே இருந்தது.

பதினொரு வருடம் பால் வாடையில் நின்றவன் நான். ஒரு ரப்பர் மரத்தைக்கூடத் தொட்டிராத மனிதன் சொன்னபோது அந்தக் கதை நன்றாக இருந்தது. நான் சொன்னதைவிட நன்றாக இருந்தது. அதுதான் பொறுக்கவில்லை. காதைப் பக்கத்து அறையில் வைத்துக்கொண்டு கையால் எண்ணினேன். அன்றும், அடுத்து என் முறை வந்த நாளும், எத்தனை குழாய் பார்த்தேன் என்றுகூட நினைவில்லை.

இரண்டு கிழமை கழித்து மிஸ் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். மிதக்க விட்ட அதே வகைப் புழுக்களில் கொஞ்சத்தை நசுக்கி, மருந்து ஊற்றி, நிறம் ஏறுவதை மெஷினில் பார்ப்பது அவருடைய வேலை. நிறம் எவ்வளவு கூடுகிறதோ கொழுப்பும் அவ்வளவு. சீனி மிஞ்சித் தின்ற புழுக்களுக்கு நிறம் கடுமையாக ஏறியிருந்தது. ஆனால் எங்கள் தாள் இரண்டில் அந்தப் புழுக்கள் மிதக்கவே இல்லை என்று இருந்தது. மெலிந்த புழுக்கள்தான் மிதந்தனவாம்.

"யாரோ தலைகீழா எழுதியிருக்கீங்க" என்றார் மிஸ். குரலை உயர்த்தவில்லை. "மிதந்ததுக்குப் பதிலா மூழ்கினத எழுதியிருக்கீங்க. ஒரு மாசத்து வேலை. இது யாரோட எம்?"

நான் யோசிக்கவே இல்லை. "நான் அப்படிச் செய்ய மாட்டேன் மிஸ். எனக்கு இது பழைய வேலை" என்றேன்.

அது பொய் என்று எனக்கு அப்போது தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் சொல்லி முடித்ததும் நான் யார் பக்கம் திரும்பிப் பார்த்தேன் என்பது எனக்குத் தெரியும்.

நானா தாளைக் கையில் எடுத்து ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு சொன்னார்.

"நான் எழுதினதாத்தான் இருக்கும் மிஸ். புதுசுதானே."

இனிமேல் கொஞ்ச நாளைக்கு நானா குப்பி கழுவட்டும், அங்கிள் மட்டும் எண்ணட்டும் என்று மிஸ் முடிவு செய்தார். அன்றைக்குத்தான் நான் பஸ்ஸில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்து, வாசல் படியில் உட்கார்ந்து உங்களுக்கு அந்தக் கதையைச் சொன்னேன். அன்றைக்குத்தான் தம்பி புழு மாதிரி நடித்தான். இடையில் பாப்பா ஒன்று கேட்டாள், நான் காதில் வாங்காதது போல இருந்துவிட்டேன்.

"அவரே பிழையை ஒத்துக்கிட்டாரா? நல்ல மாமாவா இருக்காரே."

அதற்கும் எனக்குப் பொறாமை வந்தது. பிழையை ஒத்துக்கொள்வதில்கூட அவர் முந்திக்கொண்டார், அதுவும் என் மகளிடமே நல்ல பெயர் வாங்கிவிட்டார் என்று.

கதிரை திரும்பவும் எனக்கே வந்தது. ஐந்து நாள் நன்றாக இருந்தது. குப்பி கழுவுகிற தொட்டி என் முதுகுக்குப் பின்னால். குப்பிகள் ஒன்றோடொன்று முட்டுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆறாவது நாள், சீனி மிஞ்சிய புழுக்கள். குழாயைச் சுழற்றி வைத்தேன். தொட்டிப் பக்கத்தில் மிஸ் வந்து நானாவிடம் என்னவோ கேட்க, அவர் பதில் சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் எண்ணினேன். எழுதப் போன பேனாவை அப்படியே நிறுத்தினேன். பதினேழு என்று எழுத வந்திருந்தேன். குழாயில் மேலே மிதந்தவை பதினேழு இல்லை. அடியில் கிடந்தவைதான் பதினேழு.

கை தன்பாட்டில் போயிருக்கிறது. பதினொரு வருடம் மிதவை இறங்கினால் நல்ல பால், எழும்பினால் கள்ளப் பால் என்று பழகிய கண். மனம் வேறு எங்கோ இருந்தால் கண் தாழ்ந்ததைத்தான் நல்லதாக எடுக்கும். கொழுத்ததைத் தேடு என்றால் அது அடியில் போய்த் தேடும்.

முப்பத்துமூன்று என்று எழுதினேன். எழும்பிப் போய்ப் பழைய தாள்கள் இருந்த ஃபைலை எடுத்தேன். பிழையான அந்த இரண்டு தாள்கள். ஏழு வருகிற இடமெல்லாம் அதன் நடுவே ஒரு சின்னக் குறுக்குக் கோடு. ஈரக் கையோடு எழுதினால் ஒன்றும் ஏழும் ஒன்றுபோலத் தெரியும் என்று பால் ஸ்டோரில் கணக்கப்பிள்ளை எங்களுக்குப் பழக்கியது அது. நானாவின் தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு ஏழிலும் கோடு இல்லை.

அன்று அதை மிஸ்ஸிடம் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. சொன்னால் கதிரை போகும் என்பது ஒன்று. அதைவிட, வீட்டில் நீங்கள் சிரித்தது கண்ணுக்குள் நின்றது. உங்கள் அப்பா பிழை விடாதவர் என்பதற்காகவா சிரித்தீர்கள், வேறு ஒருவர் பிழை விட்டதற்காகவா என்று யோசித்தேன். இரண்டும் நான் கொடுத்ததுதான். அந்த இரண்டு நாளும் பஸ்ஸில் கங்காணி கொழுப்பு என்று தொடங்கியபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. "என்னா தொர, ஒனக்கு கொழுப்பு கொறஞ்சிருச்சா?" என்றார். ஒன்றும் தெரியாமல்தான் கேட்டார்.

மூன்றாம் நாள் காலையில் மிஸ் வந்து பையை வைக்க முன்னமே போய்ச் சொன்னேன். சிங்களத்தில் சொன்னேன், பாதியில் சொல் வரவில்லை. தாளில் கோடு இழுத்த ஏழுகளைக் காட்டினேன். மிஸ் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அங்கிள், ஐம்பதுலேருந்து கழிச்சா சரியான கணக்கு வந்துரும். தாள் வீணாகல. ஆனா நெசமாவே தலைகீழா எழுதினதுதானான்னு தெரியாம எப்பிடிக் கழிக்கிறதுன்னு பயந்துகிட்டு இருந்தேன்." பையை மேசையில் வைத்துவிட்டு, "நானாகிட்டயும் சொல்லிருங்க" என்றார்.

நானா தொட்டியில் கையை விட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லத் தொடங்கியதுமே தலையாட்டினார்.

"தெரியும் அண்ணே. ஏழுக்கு நடுவால கோடு இழுக்கிறது நீங்கதானே."

"அப்பவே தெரியுமா?"

"தாளக் கையில எடுத்ததுமே."

"அப்ப ஏன் சொல்லல?"

"உங்க மொகத்தப் பாத்தேன். இந்த மனுசன் அந்தக் கதிரையில இருந்து எழும்பினா செத்துப் போவாருன்னு நெனச்சேன். எனக்கென்ன, வாப்பாட கடையில வாறவங்களுக்குத் தேத்தண்ணி குடுத்துக் கழுவாத கோப்பையா?" குப்பியைக் கவிழ்த்து வைத்தார். "சொன்னா நீங்க என்னோட பேசமாட்டீங்க. சொல்லாமலும் பேசல. அது வேற கத."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர், "அந்த மெட்ரோலெக் கதைய ஒங்களக் கேக்காம நான் சொன்னது பிழைதான். அண்டைக்கே ஒங்க கழுத்து சிவந்திச்சு" என்றார். அதையும் பார்த்திருக்கிறார். இந்த மனிதருக்குத் தெரியாதது ஒன்றாவது இருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றியது. அதை மறைக்காமல் எழுதுகிறேன், பிள்ளைகளே. மன்னிப்புக் கேட்டவுடன் எனக்குப் பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது இன்னொரு பிழை. இன்றைக்கும் அவர் இங்கிலீஷில் பேசும்போது என் கை குப்பியைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கிறது. ஆனால் கதிரை மறுபடியும் ஒரு நாள் அவருக்கு, ஒரு நாள் எனக்கு. அவர் கேட்டால் மெட்ரோலெக் பற்றி இன்னும் சொல்கிறேன். புழுவை எண்ணுவதற்கு முன்னால் இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது ஒரு பழக்கமாகிவிட்டது. நான், "மிதந்தா கொழுப்பு" என்பேன். அவர், "அது நமக்கும்தான் அண்ணே" என்பார்.

நான் பிழையைச் சொன்ன அன்று மத்தியானம் மிஸ்ஸும் நானாவும் சாப்பிடப் போனார்கள். எனக்குப் பசி இல்லை என்று சொல்லி நின்றுகொண்டேன். கதவைச் சாத்திவிட்டு அந்த ஃபைலை எடுத்து வந்தேன். கதிரையில் உட்காரவில்லை, நின்றபடியே மேசை மேல் விரித்தேன். பிழையான இரண்டு தாள்களின் மூலையிலும் எம் என்று இருந்தது. கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு, இரண்டு இடத்திலும் அந்த எழுத்துக்குக் கீழே என் முழுப் பெயரையும் தமிழில் எழுதினேன். மிஸ்ஸுக்கு அதை வாசிக்கத் தெரியாது. நானாவுக்குத் தெரியும். மை காயும்வரை ஊதிவிட்டு, ஃபைலை இருந்த இடத்திலேயே வைத்தேன்.